வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஐப்பசி மழையில் தள்ளிப்போன ஒரு கூட்டம் தவிர, மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல முடிந்தது. இனி, இந்த ஆண்டு நாம் மெனக்கெட்ட காரியத்துக்கு வருகிறேன்: வீட்டுக்கு எந்தக் கொய்யா வைப்பது?

நம்மில் பலருக்கு ஒரே ஒரு பழமரம் வைக்கத்தான் இடம் இருக்கிறது. ஆனாலும் நர்சரியில் போய், "பெருசா காய்க்கிறதா ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறோம். பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியில் கொய்யா பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு எடையும், வாடாமல் தாங்குவதும் முக்கியம். மரத்தடியிலேயே பறித்துத் தின்னப்போகிற நமக்கு அது எதற்கு? நாக்குக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும்.

அதற்காகத்தான் தை மாதக் கடைசியில் சுவை பார்க்கும் கூட்டம் வைத்தோம். உறுப்பினர்கள் தங்கள் மரத்துப் பழங்களையே கொண்டுவந்தார்கள். ரகத்தின் பெயரை மறைத்து, தட்டுக்கு ஒரு எண் சீட்டு வைத்தோம். முதல் சுற்றில் உப்பு, மிளகாய்த்தூளுக்கு அனுமதி இல்லை.

அதிகம் பேர் கைகாட்டியது அர்கா மிருதுளாவுக்கு. அலகாபாத் சஃபேதா என்ற கொய்யா ரகத்திலிருந்து பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்த வெள்ளைச் சதை ரகம் இது. விதை மென்மையாக இருக்கும். பல்செட் கட்டிய நம் மூத்த உறுப்பினர் ஒருவர் விதையைத் துப்பாமல் தின்றுவிட்டு, "இன்னொரு துண்டு போடுங்க" என்று கேட்டு வாங்கியதை எல்லோரும் பார்த்தோம். லக்னோ 49 அடுத்து வந்தது. புனேயில் தேர்ந்தெடுத்த அந்தப் பழைய ரகத்தின் இனிப்புக்கு இன்றைக்கும் குறைவில்லை. அர்கா கிரண் அறுத்ததும் நல்ல சிவப்பு. ஆனால் மணத்தில் நாட்டுக் கொய்யாவைத் தாண்டவில்லை. நாட்டுப்பழம் சின்னது, விதையும் கடினம். ஆனாலும் தட்டு வந்தபோதே வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அந்த மரம் நம் வீடுகளில் அற்றுப்போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் உப்பும் மிளகாய்த்தூளும் வந்தன, வரிசையே மாறிப்போனது. முதல் சுற்றில் சப்பென்று ஒதுக்கப்பட்ட தைவான் பிங்க், செங்காயாக, மொறுமொறுப்பாக, முதலில் காலியானது. ஆகவே செங்காய் தின்கிற வீடா, கனிந்த பழம் தின்கிற வீடா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ரகம் மட்டும் போதாது. நன்றாக இனிக்கும் அதே மரத்தில், ஐப்பசி மழையில் பறித்த பழம் மட்டும் தண்ணீராக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். காய் பழுக்கும் நேரத்தில் தண்ணீர் கட்டுவதைக் குறையுங்கள். வேப்பமர நிழலில் வைக்காதீர்கள். கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும். எனவே செப்டம்பர், அக்டோபரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் நுனிக்கிளைகளை வெட்டி, கவாத்து செய்யுங்கள். பழத்தில் புழு வைத்தால் மருந்தடிக்க ஓட வேண்டாம். அந்தப் புழு பழ ஈயின் முட்டையிலிருந்து வருவது. ஆண் ஈக்களை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறியைத் தொங்கவிட்டு அவற்றைப் பிடியுங்கள். கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

தள்ளுவண்டியில் "சிவப்பு" என்று நம்பி வாங்கிய கன்று வெள்ளையாகக் காய்த்த வருத்தம் சில உறுப்பினர்களுக்கு உண்டு. விதைக்கன்று தாய்மரம் மாதிரியே வரும் என்று நம்ப முடியாது. தாய்மரத்தின் கிளையிலேயே வேர்விட வைத்து எடுத்த பதியன் கன்றுதான் வாங்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ விசாரித்து வாங்குவது நல்லது. இல்லையென்றால் நாமே போடலாம். பென்சில் கனக் கிளையில் பட்டையை மோதிரம்போல உரித்து, ஈரத் தென்னைநார்க் கழிவு வைத்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் கட்டினால் மழைக்காலத்தில் வேர் விட்டுவிடும். ஆவணிக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டியவருக்கு சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில், சுவை பார்த்த கூட்டத்தில் முதலில் வந்த அர்கா மிருதுளா, மணத்தில் முந்திய நாட்டுக் கொய்யா மரங்களில் பதியன் போட்டு, கேட்கிற உறுப்பினர்களுக்குக் கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வேண்டுபவர்கள் இன்றே பெயர் எழுதிக்கொள்ளலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதையும் இன்றே கட்டிவிட்டால் பொருளாளருக்கு உதவியாக இருக்கும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்