பொன்மலை வீட்டு ரயில் மீண்டும் ஓடுகிறது: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சாவி கொடுத்து ஓட்டும் எங்கள் வீட்டுப் பொம்மை ரயில் மறுபடியும் ஓடுகிறது. முன்னால் போகிறது, பின்னால் வருகிறது; தண்டவாளத்து நெம்புகோலைத் தூக்கிவிட்டால் அந்த இடத்தில் தானாகவே நிற்கிறது. இதற்குக் காரணமான உங்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஒருவர் செய்த வேலை மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றே இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையில் 1930களில் செய்யப்பட்ட ஹார்ன்பி ரயில் இது. தகர உடல், கருஞ்சிவப்பு வண்ணம், பக்கவாட்டில் அன்றைய பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் ஒன்றின் சுருக்கப் பெயரான எல்.எம்.எஸ். என்ற எழுத்துகள். தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். எங்கள் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். 1947இல் தாய்நாடு திரும்பிய அதிகாரி ஒருவர் இதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவும் அத்தையும் இதை வைத்துத்தான் வளர்ந்தார்கள்.

முதல் நன்றி அத்தைக்கு. வீடு மாறும்போதெல்லாம் பழைய சாமான்கள் எடைக்குப் போயின. இந்தப் பெட்டியை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. சாவியைத் தனியாகத் தையல் மிஷின் இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருந்தார். அது இல்லாவிட்டால் மற்ற எதையும் தொடங்கியிருக்கவே முடியாது.

அடுத்து, திருச்சியில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஐயாவுக்கு. சாவி கொடுக்கும்போது முறுக்கேறி ரயிலை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனையில் கொக்கி மாட்டும் துளை கிழிந்துபோயிருந்தது. புது ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டேன். "எஃகு நன்றாகத்தான் இருக்கிறது, முனைதான் போயிருக்கிறது" என்றார். இருபக்கத் தகடுகளையும் பிரித்து, ஸ்பிரிங்கை விசை முழுவதும் இறக்கி வெளியே எடுத்தார். பல்சக்கரங்களில் கெட்டியாகப் படிந்திருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைத்தார். பிறகு அந்த முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு, மென்மையான அந்த இடத்தில் புதுத் துளை போட்டார். சூடு சற்று உள்ளே ஏறியிருந்தாலும் ஸ்பிரிங்கின் முறுக்கே போயிருக்கும். கொஞ்சம் நீளம் குறைந்ததால் ரயில் ஒரு சாவிக்கு முன்பைவிடக் குறைவாக ஓடும் என்று முன்கூட்டியே சொன்னார். ஸ்பிரிங் பழையதாகவே இருப்பதற்கு அந்தக் குறைவு எங்களுக்குப் பெரிதில்லை.

சக்கரங்கள்தான் எங்களை மிகவும் அச்சுறுத்தின. அவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்தக் கலவையில் சிறிதளவு ஈயம் சேர்ந்துவிட்டாலும் ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்துவிடும். எங்கள் சக்கரங்கள் கை பட்டதும் உதிர்ந்தன. இங்கிலாந்தில் இத்தகைய ரயில்களைச் சேகரிக்கும் ஒரு பெரியவர், முன்பின் தெரியாத எங்களுக்காக அளவு பார்த்துப் புதுவார்ப்புச் சக்கரங்களை வாங்கி அனுப்பினார். "வண்ணத்தைத் தொடாதீர்கள்" என்று கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்.

அந்தச் சக்கரங்களை அச்சில் ஏற்றியவர் பொன்மலைப் பணிமனையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற மாமா; தாத்தாவுக்குப் பல ஆண்டுகள் இளையவர். துளையைத் தன் சிறிய லேத்தில் இம்மியும் பிசகாமல் கடைந்தார். ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் அவற்றைச் சேர்த்துச் சுழற்றும் இணைப்புத்தண்டு இறுகி ஓட்டத்தைப் பிடித்துவிடும். உண்மையான நீராவி இன்ஜினுக்கும் இதே விதிதான் என்று சொல்லிச் சொல்லி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். தாத்தா வேலை செய்ததைப் பார்த்திராத எனக்கு அன்று அவர் கை பேசிய மொழி புரிந்தது. மாமா, கூலி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்த உழைப்புக்கு விலை உண்டு.

வளைந்த தண்டவாளங்களை நிமிர்த்தி, துருப்பிடித்த இணைப்பு ஊசிகளுக்குப் பதில் அதே கனத்தில் கம்பி வெட்டிப் பொருத்திய எதிர்வீட்டுத் தங்கைக்கும் நன்றி.

புதிதாக வண்ணம் பூசிவிடலாமே என்று உறவினர் சிலர் அன்போடு சொன்னார்கள். வேலை செய்த யாருமே அதற்கு இசையவில்லை. கூரையில் அத்தை ஆணியால் கீறிய தன் பெயரின் முதலெழுத்து அப்படியே இருக்கிறது; அப்பா பிடித்துத் தள்ளிய இடத்தில் தகரம் தெரிகிறது. ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, எங்கள் வீட்டுக்காரர்களின் கைத்தடத்தை விட்டுவைத்தீர்களே, அதற்குத்தான் உங்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். பளபளவென்று பூசியிருந்தால் அது யார் வீட்டு ரயிலாகவும் இருந்திருக்கும்.

கடிகார ஐயா சொன்னபடி, விளையாடி முடித்ததும் ஸ்பிரிங்கை முறுக்கோடு வைக்காமல் முழுவதும் ஓடவிட்டே பெட்டியில் வைக்கிறோம். பொங்கலன்று மாலை கூடத்தில் தண்டவாளம் போடுகிறோம். குழந்தைகளோடு எல்லோரும் வாருங்கள். முதல் சாவியை அத்தை கொடுப்பார், இரண்டாவது மாமாவுக்கு.

நன்றியுடன்,
பொன்மலைக் குடும்பத்தார் சார்பில்