அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள்

சிகரெட் அட்டைகளைப் பாதுகாத்து வரும் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும்,

வணக்கம். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த இந்தச் சிறு பட அட்டைகளை எங்கே காட்சிக்கு வைத்தாலும் பின்பக்கத்தையும் சேர்த்து வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

1880களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரிச்மண்டிலிருந்த ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் நிறுவனம் வெளியிட்ட ‘உலக சாம்பியன்கள்’ வரிசையையே பாருங்கள். குத்துச்சண்டைக்காரர் ஜான் எல். சல்லிவன், துப்பாக்கி சுடும் ஆனி ஓக்லி என்று ஒவ்வொன்றும் கல்லச்சில் பல வண்ணம் ஏற்றிய படம். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் திருப்பினால் 50 பேரின் பெயர்ப் பட்டியல் இருக்கும். கையில் ஒன்று இருக்கிறது, சரி, மீதி 49? அவை கடையில், இன்னும் பிரிக்காத பெட்டிகளுக்குள். சிகரெட் நசுங்காமலிருக்க வைத்த அட்டை, இப்படித்தான் அடுத்த பெட்டியை வாங்கவைக்கும் தூண்டிலானது. 1890இல் ஐந்து பெரிய கம்பெனிகள் ஒன்றாகிப் போட்டி ஒழிந்ததும், அமெரிக்காவில் அட்டைகளும் அருகிப்போயின.

இங்கிலாந்தில் பிள்ளைகள் சிகரெட் வாங்கி வரும் பெரியவர்களிடம் அட்டை கேட்டு நிற்பார்கள். அவற்றை ஒட்டிவைக்க ஆல்பம் ஒரு பென்னிக்குக் கிடைத்தது. 1938இல் வில்ஸ் சிகரெட் நிறுவனம் வெளியிட்ட விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை வரிசையில், வீட்டில் பாதுகாப்பான அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது போன்ற விளக்கமெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. போருக்குக் காத்திருந்த ஒரு நாட்டுக்குச் சிகரெட் பெட்டி வழியே பாடம் போயிருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அமெரிக்க அட்டை சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதம் முடக்கிய கைகளாலேயே அவற்றை ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் முடித்தார். இரண்டே மாதத்தில் இறந்தும் போனார். அவர் இல்லையென்றால் இவற்றில் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கும். அந்த மனிதரை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனாலும், ஒட்டிய அட்டையின் பின்பக்கம் ஆல்பத் தாளோடு போய்விடுகிறதே.

அப்படி ஒட்டியவற்றைப் பிய்க்கச் சொல்லவில்லை. அதே அட்டையின் இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கும். அதன் பின்பக்கத்தைப் படமெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதிலுள்ள வரிகளைத் தட்டச்சு செய்து, தேடினால் கிடைக்கும்படி இணையத்தில் ஏற்றுங்கள். அப்புறம், விவரக் குறிப்பில் படத்திலிருப்பவர் பெயரோடு, எந்த சிகரெட்டை விற்க அந்த அட்டை வந்தது என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய அச்சுப் பொருள்களை நேசிக்கும் ஒரு வாசகர்