ஓடியவன் என்று சொல்வதற்கு முன்

அமெரிக்காவின் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டின் மாநாட்டுப் பேராளர்களுக்கு,

வணக்கம்.

என் மகன் 18 வயது நிறைந்ததும் கட்டாய ராணுவச் சேவைக்கான பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டான். 1973க்குப் பிறகு இந்த நாடு யாரையும் அப்படிப் படைக்கு இழுத்துப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நாளைக்கே ஒரு போர் மூண்டால், அவனுக்காக யாரிடமாவது போன் போட்டுப் பேச எனக்கு ஆள் பழக்கம் கிடையாது. அந்த போனைப் பற்றித்தான் இந்த மடல்.

1968 மே 27 அன்று, பின்னாளில் அதிபரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ், மாநிலத்தின் பகுதிநேரப் படையான டெக்சஸ் வான் தேசியக் காவல் படையில் சேர்ந்தார். ஹூஸ்டன் பக்கத்து எல்லிங்டன் தளம். யேல் படிப்பு முடிகிற நேரம். மாணவர் என்ற விலக்கு தீர இரண்டு வாரம்கூட இல்லை. வியட்நாமில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். உள்நாட்டிலேயே இருக்கலாம் என்பதால் காவல் படையில் ஓர் இடத்துக்கு இளைஞர்கள் வரிசை கட்டி நின்ற காலம் அது. விமானி தகுதித் தேர்வில் புஷ் வாங்கியது, தேர்ச்சிக்கு வேண்டிய ஆகக் குறைந்த மதிப்பெண். ஆனாலும் இடம் கிடைத்தது. அப்பா அப்போது ஹூஸ்டனின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே பிரிவில் டெக்சஸ் அரசியல்வாதி லாயிட் பென்ட்சனின் மகனும் இருந்தார், ஆளுநர் ஜான் கானலியின் மகனும் இருந்தார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைப் படிக்கும்போது சிரிக்க வேண்டாம். அந்தத் தகப்பன்மார் இருவரும் அப்போது உங்கள் கட்சி. 'ஷாம்பெயின் படை' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

அந்நாளில் டெக்சஸ் சட்டமன்ற அவைத் தலைவராக இருந்த பென் பார்ன்ஸ், புஷ்ஷுக்காகக் காவல் படைத் தளபதியிடம் தான் பேசியதாக 1999இல் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார். கேட்டுக்கொண்டவர் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு தொழிலதிபர். தாங்கள் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்றே புஷ் குடும்பம் சொல்லிவந்தது. அதை நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வாய் திறந்து கேட்க வேண்டுமா என்ன? கேட்காமலே நடப்பதற்குத்தானே செல்வாக்கு என்று பெயர்.

அதே ஹூஸ்டனில், அதற்கு ஓராண்டு முன்பு, 1967 ஏப்ரல் 28 அன்று ராணுவ ஆள்சேர்ப்பு நிலையத்தில் முகமது அலியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அடியெடுத்து வைக்கவில்லை. வரமாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். குத்துச்சண்டைப் பட்டம் போனது. 5 ஆண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. 1970 அக்டோபர் வரை, உடம்பில் வலு இருந்த நல்ல காலத்தில் மூன்றரை ஆண்டு அவரால் மேடையேற முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை 1971இல்தான் ரத்து செய்தது. போகாதவர்கள் இருவர், விலை கொடுத்தவர் ஒருவர்.

இனி, 2004 அதிபர் தேர்தலின்போது 'படையை விட்டு ஓடியவர்' என்று புஷ்ஷைத் துரத்தியவர்களுக்கு ஒரு சொல். 1972இல் அவர் அலபாமாவுக்கு ஒரு செனட் தேர்தல் வேலைக்குப் போனார். வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்கு வராததால் அந்த ஆகஸ்டில் விமானம் ஓட்டத் தடை விழுந்தது. அலபாமாவில் அவர் பணிக்கு வந்தாரா என்று கேட்டபோது, வெள்ளை மாளிகை 2004இல் எடுத்து நீட்டிய தாள்களில் ஒன்று, 1973 ஜனவரியில் மான்ட்காமரி தளத்தில் நடந்த பல் பரிசோதனைக் குறிப்பு. பல் இருந்தது, ஆகவே ஆளும் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஹார்வர்டில் படிக்கப் போவதற்காக 1973 அக்டோபரில், ஆறு ஆண்டு ஒப்பந்தம் முடியுமுன்பே, கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

இதில் கேள்விகள் நிறைய உண்டு. ஆனால் 'படையை விட்டு ஓடியவர்' என்ற சொல்லுக்கு இடமில்லை. சட்டத்தில் அதன் பொருள், திரும்பிவருவதில்லை என்ற எண்ணத்தோடு போனவன். போர்க்காலத்தில் அதற்கு மரண தண்டனைகூட உண்டு. 1945 ஜனவரியில் எடி ஸ்லோவிக் என்ற சிப்பாயை பிரான்சில் சுட்டே கொன்றார்கள். புஷ் மேல் அப்படிப்பட்ட குற்றச்சாட்டை ராணுவம் ஒருபோதும் வைத்ததில்லை. ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் 2004 ஜனவரியில் அந்தச் சொல்லை மேடையில் வீசினார், கைதட்டல் கிடைத்தது. செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி புஷ்ஷின் காவல் படைச் சேவை பற்றிய சில தாள்களைக் காட்டியது. அவை உண்மையான ஆவணங்கள் என்று அவர்களாலேயே நிரூபிக்க முடியவில்லை. அதன் செய்தியாளர் டான் ராதர் மன்னிப்புக் கேட்டார். அதோடு பேச்சு முழுக்க, தாள்கள் போலியா என்று காட்டும் தட்டச்சு எழுத்தின் வடிவத்துக்குத் தாவிவிட்டது. அந்த போனைப் பற்றிப் பிறகு கேட்பாரில்லை.

எங்கள் சங்கப் பாட்டில் ஒரு கிழவி வருகிறாள். உன் மகன் புறமுதுகு காட்டினான் என்று பலரும் சொல்கிறார்கள். அவளுக்குக் கோபம் வருகிறது, வஞ்சினமும் சொல்கிறாள். ஆனால் ஊர்ப்பேச்சோடு நிற்கவில்லை. வாளோடு களத்துக்குப் போய் ஒவ்வொரு பிணமாகப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் சிதைந்து கிடக்கிறான், ஓடியிருக்கவில்லை. புரட்டிப் பார்க்கும் அந்தப் பொறுமை 2004இல் யாருக்கும் இருக்கவில்லை.

வியட்நாமுக்குப் போகாததை நான் குற்றமாகவே எண்ணவில்லை. போயிருக்கவே கூடாத போர். பில் கிளின்டன் போகவில்லை. புஷ்ஷின் துணை அதிபராக இருந்த டிக் செனி ஐந்து முறை விலக்கு வாங்கினார், டொனால்ட் டிரம்ப்பும் ஐந்து. பின்னாளில் துணை அதிபரான டான் குவேல் இந்தியானா காவல் படையில் இருந்தார். என் சந்தேகம் வேறு இடத்தில். 2004 மே மாதம், புஷ் முப்படைத் தலைவராக இருந்தபோது, கமிலோ மெஹியா என்ற சார்ஜன்ட்டுக்கு ராணுவ நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. விடுப்பில் வந்தவர் ஈராக்குக்குத் திரும்ப மறுத்தார். படையை விட்டு ஓடிய குற்றம். அவர் எந்தப் படை தெரியுமா? புளோரிடாவின் தேசியக் காவல் படை. ஒரு தலைமுறைக்குப் போரிலிருந்து ஒதுங்க நிழலாக இருந்த அதே படையிலிருந்துதான் ஈராக்குக்கு ஆள் அனுப்பினார்கள். அனுப்பியவர், தனக்குக் கதவு எப்படித் திறந்தது என்று ஒருநாளும் யோசித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நாட்டை ஆளும் தகுதி பற்றிய என் ஐயம் அந்த மௌனத்தைப் பற்றியது.

எனவே கேட்கிறேன். அடுத்த அதிபர் வேட்பாளர் உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவருடைய படைச்சேவைக் கோப்பை, விலக்குக் கோப்பையும் சேர்த்து, மாநாட்டுக்கு முன்பே முழுதாக வெளியிடச் சொல்லுங்கள். தேர்தலுக்கு எட்டு வாரம் இருக்கையில் துண்டு துண்டாக வேண்டாம். பிறகு மேடையில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களுக்காக யார் பேசினார்கள்?

இப்படிக்கு,
18 வயதுப் பையனின் அப்பா