அக்காவுக்கு, ஹிரோஷிமாவிலிருந்து

ஹிரோஷிமா,
ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? அணுகுண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6-க்குப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆயிரம் காகிதக் கொக்கு செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். இப்போதே ஆரம்பித்தால்தான் முடியும்.

சார்ட் பேப்பர் வாங்காதீர்கள். கழுத்தை மடிக்கும்போது பிளந்துவிடும். மெல்லிய வண்ணத்தாள் போதும், பழைய வார இதழ்த் தாளும் நன்றாக மடியும். சரமாகக் கோக்க இங்கே 7.5 சென்டிமீட்டர் சதுரம்தான் வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு 15 சென்டிமீட்டர் தாள் கொடுங்கள். சதுரம் கொஞ்சம் பிசகினாலும் அலகு கூராக வராது, அதனால் தாளை நீங்களே வெட்டிவிடுங்கள். கழுத்தும் வாலும் ஆகப்போகும் பக்கங்களை நடுக்கோட்டோடு ஒட்ட மடிக்காமல் நூலிழை இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மேலே திருப்பும்போது தாள் திரண்டு கசங்கும்.

இறக்கையை விரிக்க வேண்டாம். வயிற்றடியில் இருக்கும் துளையில் ஊசியை விட்டு முதுகு முனையில் எடுங்கள். சரத்துக்கு 40, மொத்தம் 25 சரம். இரட்டை நூலாகப் போட்டு, அடியில் அட்டைத் துண்டு ஒன்றை முடிச்சிட்டால் நழுவாது. பிளாஸ்டிக் மணி வேண்டாம். இங்குள்ள சிறுவர் அமைதி நினைவுச் சின்னத்துக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள், எடையில் பத்து டன், வருகின்றன; பழையவை மறுசுழற்சியில் மறுபடி தாளாகின்றன.

ஆயிரம் கொக்கு மடித்தால் நோய் குணமாகும் என்று நம்பி மடித்த சிறுமி சடாகோ சசாகி, ஆயிரம் முடிக்குமுன் இறந்துவிட்டாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். மருந்து சுற்றிவந்த தாளைக்கூட விடாமல் மடித்து ஆயிரத்தைத் தாண்டினாள். குண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. 1955 அக்டோபரில் ரத்தப் புற்றுநோயில் போனபோது 12. கொக்கு அவளைக் காப்பாற்றவில்லை என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

இங்கே அஞ்சலி 8 மணிக்குத் தொடங்கும். தண்ணீர் படைப்பார்கள், தீக்காயத்தோடு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடியே செத்தவர்கள் அத்தனை பேர். 8.15-க்கு மணி ஒலிக்க, ஒரு நிமிடம் மௌனம். நம்ம ஊரில் அப்போது விடிகாலை 4.45. பிள்ளைகளை எழுப்ப வேண்டாம், பள்ளி நேரத்தில் 8.15-க்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தோர் பெயரேடுகள், சிறுவர் சின்னத்தில் அல்ல, அணுகுண்டில் இறந்தோருக்கான நினைவுச் சின்னத்தின் அடியில் கல்பெட்டியில் இருக்கின்றன. மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாம் கையெழுத்து. அணுகுண்டில் தப்பியவர்கள் காலமாகக் காலமாக, ஆண்டுதோறும் பெயர்கள் கூடுகின்றன. ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்காதிருக்க, மே மாதத்தில் ஏடுகளை வெளியே எடுத்து வெள்ளைத் துணிமேல் பரப்பி, வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர்கள் பக்கம் பக்கமாகக் காற்றாட விடுவார்கள். அவற்றில் ஒன்று, பெயரே தெரியாமல் போனவர்களுக்கானது. உள்ளே வெற்றுத்தாள்தான். அதையும் அதே பொறுமையோடு புரட்டுகிறார்கள்.

மேடைப் பதாகைக்கு, அந்தக் கல்பெட்டியில் பொறித்திருக்கும் வாசகத்தைத் தமிழில் கேட்டீர்கள். "அமைதியாக உறங்குங்கள், தவறை மீண்டும் செய்ய..." வரை சிக்கலில்லை. ஜப்பானிய வினையில் செய்பவர் யாரென்று தெரியாது, யாருடைய தவறு என்று இங்கே நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். மனிதகுலம் முழுவதையும் குறிப்பது என்பது மாநகராட்சியின் விளக்கம். அதனால் "மாட்டார்கள்" என்று யாரும் திருத்தினால் விடாதீர்கள். "மாட்டோம்" என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி