காந்தி அருங்காட்சியகத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்விச் சுற்றுலாக் காலம் நெருங்கும் இவ்வேளையில், மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் குழுவாக அழைத்து வரும் பள்ளிகளுக்கு, தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன்.

காலையில் மீனாட்சியம்மன் கோயில், அடுத்து திருமலை நாயக்கர் மகால், மதிய உணவு, அதன் பிறகு பிள்ளைகள் களைத்துப்போன நேரத்தில் அருங்காட்சியகம் என்பதே பல பள்ளிகளின் பயணத் திட்டமாக இருக்கிறது. அண்மையில் நான் அங்கே சென்றிருந்தபோது ஒரு பள்ளிக் குழு வந்தது. வரிசை கலையாமல் நடக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் காட்டிய அக்கறை பாராட்டுக்குரியதுதான். ஆனால் ஒரு படத்தின் கீழிருந்த விளக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த சிறுமியைக்கூட, பின்னால் வருபவர்களுக்கு இடையூறாகிறது என்று நகர்த்திவிட்டார்கள். இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றைப் படங்களாக வரிசைப்படுத்தியிருக்கும் கூடங்களை அக்குழு சில நிமிடங்களில் கடந்துவிட்டது.

ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில், 1959 ஏப்ரலில் ஜவாஹர்லால் நேருவால் திறந்து வைக்கப்பட்ட அருங்காட்சியகம் இது. சுட்டுக் கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. அதைப் பார்க்கும் பிள்ளைக்கு, அவர் அந்த எளிய உடையை ஏற்றதே இதே மதுரையில்தான் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் ரயிலில், அந்நியத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் அவர் கதர் அணியும்படி கேட்டுக்கொண்டபோது, கதர் வாங்கும் அளவுக்குத் தங்களுக்கு வசதியில்லை என்று சிலர் சொன்னதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். தொப்பி, சட்டை, முழு வேட்டி ஆகியவற்றோடு தாம் இருப்பதும், கோடிக்கணக்கானோர் அரைத் துணிக்கு வழியற்றிருப்பதும் அவர் மனத்தை அறுத்தன. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் முடிவெடுத்து, செப்டம்பர் 22 அன்று முழங்கால் அளவுத் துணியோடு மக்கள் முன் வந்தார். அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பது என்று தொடங்கியது, வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1931-ல் லண்டனில் மன்னரைச் சந்தித்தபோதும் அவர் அந்தக் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் தங்கிய வீடு இப்போது கதர் விற்பனை நிலையமாக இருக்கிறது. கோயிலுக்கு மிக அருகில் உள்ள அந்த வீட்டைப் பயணத்தில் சேர்ப்பதில் என்ன சிரமம்?

கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அனுமதி இல்லாததால், 1934-ல் மதுரைக்கு வந்த காந்தியடிகள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்ல மறுத்தார். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதன் பிறகே, 1946-ல், காந்தியடிகள் அங்கே வழிபட்டார். ஆயிரங்கால் மண்டபத்தின் சிற்பங்களை விளக்கும் நாம், கோபுர வாசலில் நின்று இதையும் சொன்னால், மாலையில் அருங்காட்சியகத்தில் அவர்கள் பார்ப்பவை தனித்தனிப் படங்களாக நில்லாமல் ஒரே வரலாறாகத் தொடரும்.

எனவே, ஒரு நாளில் ஐந்தாறு இடங்களைக் காட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, அருங்காட்சியகத்துக்கு அரைநாளாவது ஒதுக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நூறு மாணவர்களை ஒன்றாக உள்ளே அனுப்பினால் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே எதுவும் தெரியும். இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் வளாகத்து மர நிழலில் அமர்ந்திருக்கலாம். பொறுப்பாசிரியர் ஒருவர் முன்னதாகவே வந்து பார்த்துச் சென்றால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பார்த்ததை எல்லாம் குறிப்பேட்டில் எழுதச் சொல்லும் வழக்கம் மட்டும் வேண்டாம்; எழுதும் அவசரத்தில் பிள்ளைகள் எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கும் கல்வித்துறை அதிகாரிகளும், எந்தெந்த இடங்கள் என்பதோடு, ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதையும் கேட்டுப் பெற்ற பின்னரே ஒப்புதல் அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மதுரை.