கல்யாணப் பத்திரிகைக்கு எந்த எழுத்து?

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு நாள் குறித்தாயிற்று என்று படித்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. ரொம்ப சந்தோஷம்.

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் பெயர்கள் மட்டும் கையால் எழுதினதுபோல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மிஸ்ட்ரால் என்ற ஃபான்டை வைக்கலாம். நம்மூர் டிடிபி கடைகளில் பலரும் பார்த்த எழுத்துதான். ஆனால் அது பிறந்த கதை பலருக்குத் தெரியாது.

பிரான்சின் மார்செய் நகரத்துக்காரர் ரோஜே எக்ஸ்கோஃபோன், தன் கையெழுத்தையே மூலமாக வைத்து வரைந்தது இது. அதே ஊரில் அச்செழுத்து வார்க்கும் ஒலிவ் வார்ப்பகம் 1953-ல் வெளியிட்டது. ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் கடலை நோக்கி வீசும் குளிர்காற்றின் பெயர்தான் மிஸ்ட்ரால். அப்போது ஈய அச்சு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை. எதற்குப் பக்கத்தில் எது வந்து உட்காரும் என்று வரைகிறவருக்குத் தெரியாது. எது வந்தாலும் முன்னதன் வாலும் பின்னதன் தொடக்கமும் கட்டையின் விளிம்பில் சரியாகத் தொட வேண்டும். அதே நேரம், வேகமாகக் கிறுக்கினதுபோல ஏற்ற இறக்கமும் தெரிய வேண்டும். இரண்டையும் அந்த மனிதர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். திரையில் பெரிதாக்கிப் பார், கோட்டின் ஓரம்கூடத் தூரிகை உரசினதுபோலச் சொரசொரப்பாக இருக்கும்.

அந்த இணைப்பில்தான் அதன் உயிர். போன வருஷம் ஒரு பேக்கரி போர்டு செய்தேன். பலகை நிறைய வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதால் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிவிட்டேன். ஃப்ளெக்ஸ் மாட்டினதும் பார்க்கிறேன், எழுத்தெல்லாம் அறுந்து தனித்தனியாகத் தொங்குகிறது. மனசு கேட்கவில்லை. இறக்கி, என் செலவிலேயே வேறு அடித்துக் கொடுத்தேன்.

பிரான்சில் கடைப் பலகைகளில் இந்த எழுத்து நிறைய உண்டு. ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு அவ்வளவு அழகு. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் இணைப்பே இருக்காது. பொடி எழுத்தில் பத்தி பத்தியாக அடித்தால் கண் வலிக்கும். அதனால் பெயர்கள் மட்டும் மிஸ்ட்ரால். முகூர்த்த நேரம், மண்டப விலாசம் எல்லாம் சாதா எழுத்தில் இருக்கட்டும், பெரியவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்க வேண்டும்.

அப்புறம், தமிழ்ப் பக்கம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் என்ற ஃபான்ட் இருக்கிறது, சாய்ந்த கையெழுத்துச் சாயல், கூகுளில் இலவசம். நம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் சாய்வும் சுழிப்பும்தான் கையின் அடையாளம். முதலில் அதை வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் பழைய கடிதங்களை எடுத்து விரித்ததும் மனசு மாறிவிட்டது. 'ழ'வைச் சுழித்து, வாலை அடுத்த வரிவரை நீ இழுத்துவிடுவாயே, அது எந்த ஃபான்டிலும் கிடையாது.

அதனால் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று வெள்ளைத் தாளில் மைப் பேனாவால் நாலைந்து தடவை எழுதி அனுப்பு. மடித்துவிடாதே, ஸ்கேனில் கோடு விழும். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும்.

அன்புடன்,
உன் பங்காளி