பூத்தியேயின் வெற்றி திடீரென்று வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் பிரெஞ்சு கோல்ஃப் வீராங்கனை செலின் பூத்தியே பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்கள் கோல்ஃப் பற்றித் தமிழில் அரைப்பக்கம் வருவதே அபூர்வம். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் இரண்டு வரிகள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவர் 'மேஜர் பட்டம் வென்ற முதல் பிரெஞ்சுப் பெண்' என்று ஒரு வரி (கோல்ஃபின் மிகப் பெரிய சில போட்டிகளைத்தான் மேஜர் என்பார்கள்). '2023-இல் திடீரென மின்னி, ஒலிம்பிக்கில் மங்கிப்போனவர்' என்று கடைசி வரி. முதலாவது தகவல் பிழை. இரண்டாவது, அவருக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன்.

தகவல் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பூத்தியே மூன்றாமவர். அவருக்கு 56 ஆண்டுகள் முன்பே, 1967-இல், கத்ரின் லகோஸ்த் அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. அவர் தொழில்முறை ஆட்டக்காரரே அல்ல, அதனால் பரிசுப் பணத்தைக் கையால்கூடத் தொட முடியாது. அந்தப் பட்டத்தை வென்ற ஒரே அமெச்சூர் இன்று வரை அவர்தான். முதலைச் சின்னச் சட்டைக்குப் பெயர் தந்த டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த்தின் மகள் அவர். கோப்பையை வென்ற ஜூலை 2 அப்பாவின் பிறந்தநாள். இரண்டாமவர் பத்ரிசியா மெனியே-லெபூக். 2003-இல் கலிபோர்னியாவில் நடந்த கிராஃப்ட் நபிஸ்கோ போட்டியில், அன்று உலகமே அஞ்சிய அன்னிகா சோரன்ஸ்டாமை ஒரே ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரே ஓர் அடி, வித்தியாசத்தில் முந்தினார் (கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி). இந்த இருவர் பெயரையும் விட்டுவிட்டால் பூத்தியே செய்தது எத்தனை அரிது என்பதும் வாசகருக்குத் தெரியாமல் போகும். அத்தனை ஆண்டுகளில் மூன்றே பேர்!

அப்புறம் அந்த 'திடீரென' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

நான் பாரிஸின் புறநகரில் பல வருடங்களாக வசிப்பவள். பூத்தியேயும் 1993-இல் பாரிஸை ஒட்டிய கிளமாரில் பிறந்தவர்தான். பெற்றோர் தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். லகோஸ்த் வீட்டில் கோல்ஃப் குடும்பச் சொத்து மாதிரி. அம்மா சிமோன் தியோன் த லா ஷோமும் பெரிய வீராங்கனை, தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கோல்ஃப் மைதானமே இருந்தது. பூத்தியேவுக்கு அப்படியெதுவும் இல்லை. சிமோன் 1927-இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றார். மகள் கத்ரின் அதே பட்டத்தை 1969-இல் வென்றார். 2015-இல் அதே கோப்பையில் பூத்தியேயின் பெயரும் ஏறியது. மூன்று முறையும் போட்டி நடந்த இடம் வட அயர்லாந்து. இந்த ஒரு கோப்பையின் கதையே தனிக் கட்டுரைக்குப் போதும்.

பிரிட்டிஷ் பட்டம் வென்றபோது பூத்தியே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டே அந்த அணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. 2016-இல் தொழில்முறைக்கு மாறினார். மாறியதும் பெண்களுக்கான முதன்மைத் தொழில்முறைச் சுற்றான எல்.பி.ஜி.ஏ.வில் சிவப்புக் கம்பளம் விரித்து யாரும் காத்திருக்கவில்லை. 2017 முழுவதும் இரண்டாம் நிலைச் சுற்றில் ஆடினார். ஊர் ஊராகக் காரில் போய், சின்னப் பரிசுகளுக்காக ஆடும் சுற்று அது. அங்கே இரண்டு போட்டிகளை வென்றுதான் 2018-இல் பெரிய சுற்றுக்குள் நுழைந்தார்.

முதல் எல்.பி.ஜி.ஏ. வெற்றி 2019 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் விக் ஓப்பனில். ஆண்களும் பெண்களும் ஒரே மைதானத்தில், ஒரே வாரத்தில், சமமான பரிசுத் தொகைக்கு ஆடும் போட்டி அது. கடலோரக் காற்று பந்தை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாத ஊர். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் சோல்ஹைம் கோப்பை, ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதும் போட்டி. ஐரோப்பிய அணியில் அவர் தகுதிப் புள்ளிகளால் இடம்பெறவில்லை, அணித்தலைவி நம்பிச் சேர்த்த ஆள். நான்கு ஆட்டம் ஆடினார், நான்கிலும் வெற்றி. ஐரோப்பா ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தது. இந்த நான்கு புள்ளிகளைக் கட்டுரையாளர் எப்படி மறந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2021-இல் நியூ ஜெர்சியில் ஷாப்ரைட் கிளாசிக். 2023 மார்ச்சில் அரிசோனாவில் ஜார்ஜியா ஹாலுடன் சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே ஆஃப் ஆடி இன்னொன்று. அதோடு எல்.பி.ஜி.ஏ.வில் எந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கும் இல்லாத மூன்றாவது பட்டம் அவர் கையில். அவர் மேஜர் வென்ற எவியான் போட்டி வருவதற்கு முன்பே, பாருங்கள்.

எவியான் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஜெனீவா ஏரிக் கரையில் மலைச்சரிவில் இருக்கும் அந்த மைதானத்தில் 1994 முதல் போட்டி நடக்கிறது. 2013-இல் அதற்கு மேஜர் தகுதி கிடைத்தது. ஆனால் 2023-க்கு முன்பு ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் அங்கே வென்றதில்லை. பூத்தியேயும் முன்பெல்லாம் அங்கே பெரிதாக ஆடியதில்லை. 2023 ஜூலையில் நான்கு நாளும் சேர்த்து 14 அண்டர் பார், அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்கைவிட 14 குறைவு. இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் ஆறு ஸ்ட்ரோக் இடைவெளி. ஞாயிறு மதியம் டிவி முன்னால் உட்கார்ந்த நான் கடைசிக் குழி வரை எழுந்திருக்கவே இல்லை. சொந்த ஊர்க் கூட்டத்தின் பாரம் அவருக்குத் தாங்காது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. சரி, எவியானில் அந்தக் கூட்டம் யாருடையது?

அடுத்த வாரமே ஸ்காட்டிஷ் ஓப்பனையும் வென்றார். மேஜர் வென்ற களைப்போடு, முற்றிலும் வேறு மாதிரியான மண்ணில், வேறு மாதிரியான காற்றில். அக்டோபரில் கோலாலம்பூரில் தாய்லாந்தின் அத்தயா தித்திகுலுடன் பிளே ஆஃப் ஒன்பது குழி வரை நீண்டது, அதிலும் அவரே. ஒரே ஆண்டில் நான்கு பட்டங்கள், ஆண்டு முடிவில் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம்.

இனி அந்த ஒலிம்பிக். 2024 ஆகஸ்ட் 7 அன்று லு கோல்ஃப் நாசியோனாலில் கயிற்றை ஒட்டி நின்றவர்களில் நானும் ஒருத்தி. அன்று அவர் பதினெட்டுக் குழிகளையும் 65 அடிகளில் முடித்தார், தனியாக முன்னிலை. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாள் 76. அதையும் நின்று பார்த்தேன். ஒவ்வொரு குழியிலும் எங்களைச் சுற்றிப் பெருமூச்சுதான். அந்தப் பதினெட்டுக் குழிகளையும் எங்கேயும் முகம் திருப்பாமல், மட்டையை உடைக்காமல் ஆடி முடித்தார். பதக்கம் கிடைக்கவில்லை. தங்கம் லிடியா கோவுக்குப் போனது, அதற்கு அவர் முழுத் தகுதியும் உடையவர். பூத்தியேயின் அந்த ஒரு வியாழக்கிழமையை எடுத்து ஒரு தொழில்வாழ்க்கைக்கே முடிவுரை எழுதலாமா? பள்ளியில் ஒரு பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையைக்கூட நாம் அப்படி முடித்துவிடுவதில்லையே.

எல்.பி.ஜி.ஏ.வில் ஒரு பட்டமும் வெல்லாமல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராடிய கரீன் இஷேர் போன்றவர்களையும் இதே அளவுகோலால் அளந்தால் என்ன எழுதுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்காக ஆடிய இருவரில் அவர் ஒருவர்.

அடுத்த இதழில் லகோஸ்த், மெனியே-லெபூக் இருவர் பெயரோடும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு சின்ன விஷயம். கட்டுரை முழுக்க 'பௌட்டியர்' என்று அச்சாகியிருக்கிறது. இங்கே அவரை எல்லோரும் 'பூத்தியே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாரிஸ் புறநகர்